பத்தொன்பது வயதுக்கு ஐந்து வருடப் பூட்டு

மகனே,

நலம் விசாரிக்கும் நாலு வரியை விட்டுவிடுகிறேன். நீ நலமாகத்தான் இருக்கிறாய். உங்கள் கிளப்பின் முகநூல் பக்கத்தில் தினமும் உன் பல் தெரிகிறது. போன வாரம் வெள்ளிக்கிழமை பந்திங் ஊரில் ஒரு வீட்டு வாசலில் தாம்பூலத் தட்டோடு நின்று நீ சிரிக்கும் படத்தை எனக்கே பலர் அனுப்பிவிட்டார்கள். "என்ன அண்ணே, உங்க மகனுக்கு ரெண்டாவது கல்யாணமா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். கல்யாணம் இல்லை, ஒரு பையனைக் கட்டிப்போடப் போயிருக்கிறான் என்று பதில் போட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று நீ கேட்பாய். வீட்டுக்குள் பேச நீ கிடைக்கவில்லை. கூப்பிட்டால் மீட்டிங். குரல் பதிவு அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பிறகு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. கட்டைவிரலுக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஞாயிறு பத்திரிகையின் ஆசிரியரிடம் இடம் கேட்டேன், கொடுத்தார். "பெத்த பிள்ளைய யாராச்சும் பேப்பர்ல போட்டு நாறடிப்பாங்களா?" என்று உன் அம்மா இரண்டு நாளாகச் சண்டை போடுகிறாள். "அவன் தட்ட பேஸ்புக்ல போட்டான், நான் கடிதத்த பேப்பர்ல போடுறேன், சரியாப் போச்சு" என்றேன். அதற்குப் பிறகு எனக்குக் காப்பி வரவில்லை. நானே கலக்கிக் குடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்காக. நீ இங்கிலாந்துக்குப் போய் விளையாட்டு நிர்வாகம் படித்துவிட்டு வந்து, கோலாலம்பூரில் ஒரு காற்பந்துக் கிளப்பில் ஆட்டக்காரர்களை எடுப்பதும் விடுவதுமான வேலையில் இருக்கிறாய். கிளப்பின் பெயரை எழுதவில்லை. பையனின் பெயரையும் அவன் பெற்றோரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். உன் பெயரை எழுதத் தேவையே இல்லை. பையனை தர்வின் என்று வைத்துக்கொள்வோம். வயது பத்தொன்பது. இடது காலால் ஆடும் முன்னணி ஆட்டக்காரன். அவன் அப்பா சுப்ரா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். ஒரு காலத்தில் கிள்ளானில் நான் நடத்திய கிளப்பில் தற்காப்பில் ஆடியவர். உங்கள் கிளப்பில் தர்வினுக்கு ஒரு வருட ஒப்பந்தம் இருக்கிறது, இந்த சீசனோடு முடிகிறது. இந்த ஒரு சீசனில் அவன் ஆடியதைப் பார்த்து, வேறு கிளப்காரன் மூக்கு நீட்டுவதற்குள் ஐந்து வருடத்துக்கு அவனை மடக்கிவிட வேண்டும் என்று நீயும் உங்கள் கிளப் தலைவர் டத்தோவும் முடிவு செய்துவிட்டீர்கள். இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கையெழுத்து. மாலை, படம், செய்தியாளர்கள், மட்டன் பிரட்டல், எல்லாம் ஏற்பாடாகியிருக்கிறது.

என்னிடம் நீ கேட்டது சின்ன உதவிதான். "சுப்ரா அங்கிள் உங்க பேச்ச கேப்பாருப்பா. நல்ல டீல்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க." தாளை அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். "அதெல்லாம் லீகல் லேங்குவேஜ்ப்பா, உங்களுக்கு எதுக்கு?" என்றாய். படிக்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். "அப்ப சும்மா இருங்க, அது போதும்" என்றாய். போனை வைப்பதற்கு முன்பு இன்னொன்றும் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "சண்டே சைன் பண்ணலன்னா கோச் வேற ஆள பாப்பாரு. மிச்ச மேட்ச் பூரா பெஞ்ச்தான் லா." உன் குரலில் ஒரு நெளிவுகூட இல்லை. நாளை மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாய்.

பள்ளியில் நான் படித்தது மூன்றாம் பாரம் வரைதான். உன் தாளைச் சுப்ராவிடமிருந்து போனில் படமாக வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து படித்தேன். பெரிய சூத்திரம் ஒன்றும் அதில் இல்லை. திருடன் எழுதியதை யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம், படிக்க விடாமல் இருப்பதில்தான் அவனுடைய சாமர்த்தியம். இதில் உன் சாமர்த்தியம் தட்டு.

அந்தத் தட்டைப் பற்றி எழுதாமல் என்னால் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், ஆரஞ்சு, மல்லிகைச் சரம், மடித்து வைத்த கிளப் சட்டை, அதற்கடியில் ஒப்பந்தம். வாசலில் நின்று இரண்டு கையாலும் நீட்டினாய். லெட்சுமி, தர்வினின் அம்மா, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை வேலையிலிருந்து அப்போதுதான் வந்தவள், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வீட்டு வாசலில் பூவும் வெற்றிலையுமாக ஒருவன் தட்டை நீட்டும்போது நம் வீட்டுப் பெண்கள் வேறு என்ன செய்வார்கள்? கொஞ்சம் பொறுங்கள், வக்கீலைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்பார்களா?

உன் நிச்சயதார்த்தம் எனக்கு மறக்கவில்லை. காஜாங்கில் பெண் வீட்டில் பெரியவர்கள் தட்டு மாற்றுவதற்கு நாழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ வெளியே கார் நிறுத்திய இடத்தில் வேர்த்துப்போய் நின்றாய். பட்டுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்பா, தட்டு மாத்தினப்புறம் பேக் அவுட் பண்ண முடியுமா?" என்று கேட்டாய். முடியாது, இப்போதே சொல், இப்போதென்றால் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். நீ யோசித்துவிட்டு உள்ளே வந்தாய். நல்லபடியாகத்தான் இருக்கிறாய், அது வேறு விஷயம். ஆனால் தட்டு என்றால் என்ன என்று தெரியாதவன் போல நீ என்னிடம் நடிக்க முடியாது. உங்கள் கிளப்பில் மலாய்க்காரப் பையனுக்கோ சீனப் பையனுக்கோ தட்டு தூக்கிக்கொண்டு போனீர்களா? இல்லை. அவர்களுக்கு அலுவலகத்தில் நாற்காலி போட்டு, வக்கீலோடு வரச் சொன்னீர்கள். பந்திங் வீட்டில் எது செல்லும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நம் வழக்கத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள். அதை எடுத்துக்கொண்டுபோய் நம் ஆட்களின் கையையே கட்டியிருக்கிறாய்.

புதன்கிழமை சுப்ரா கூப்பிட்டார். போனேன். பந்திங் சாலையில் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, அவர்கள் குடியிருக்கும் தாமானுக்குப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. தட்டு சாமி மேடைக்குக் கீழே இருந்தது. பழத்தைக்கூடத் தொடவில்லை. ஆரஞ்சு ஒன்று ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

"கையெழுத்து இன்னும் போடலதானே?" என்றேன்.

"போடலண்ணே," என்றார் சுப்ரா. "ஆனா தட்டு வாங்கிட்டோமே."

"ஆரஞ்சு வாங்கினதுக்கு அஞ்சு வருஷமா?"

சுப்ரா சிரித்துவிட்டார். லெட்சுமி சிரிக்கவில்லை. "என்னங்க சிரிப்பு? பூவும் வெத்தலையும் வெச்சு கொடுத்தத ரெண்டு கையால வாங்கிட்டு, இப்ப மாட்டேன்னு சொன்னா என்ன குடும்பம்னு பேசுவாங்க? நாளைக்கி இவன் தங்கச்சிக்கு யாரு தட்டு தூக்கிட்டு வருவாங்க? பேஸ்புக்ல வேற போட்டாச்சு. எங்க அக்கா ஈப்போவுலருந்து போன் பண்ணி அழுவுறாங்க, சந்தோசத்துல."

இதைத்தான் நீ வாங்கியிருக்கிறாய் மகனே. ஒரு பெண்ணுடைய மானத்தை வாங்கி, அதன்மேல் ஒரு ஒப்பந்தத்தைச் சார்த்தி வைத்திருக்கிறாய். இதற்கு இங்கிலாந்துப் பட்டம் எதற்கு? நம்மூர் வட்டிக்காரனுக்கு இது பட்டமில்லாமலே தெரியும்.

தர்வின் பயிற்சி முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே, "வணக்கம் அங்கிள்," என்றான். நல்ல பையன். கொஞ்சம் அசடும்கூட. பத்தொன்பது வயதில் அசடாக இல்லாமல் இருக்கிறவனைத்தான் நம்பக்கூடாது. இந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே என்று சொல்வதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"அங்கிள், எனக்கு அஞ்சு வருஷம் வேணும். நான் சொல்லிடறேன். அடுத்த வருஷம் நல்லா ஆடி பெரிய காசு வாங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நாளைக்கே முட்டி போச்சுன்னா யாரு தருவா? அப்பாவால இன்னும் எத்தன நாள் லோரி ஓட்ட முடியும்? கொறச்ச காசுன்னாலும் பரவால்ல. சேஃப் லா அங்கிள்."

உன் பக்கத்து நியாயத்தை உன்னைவிட நன்றாக அந்தப் பையன் பேசினான். பின்னால் ஏறப்போகிற விலையை விட்டுக்கொடுத்து, இப்போதைக்கு நிம்மதியை வாங்குகிறான். அது மட்டமான வியாபாரம் இல்லை. லோரிக்காரர் வீட்டுப் பிள்ளை அப்படித்தான் யோசிப்பான், யோசிக்கவும் வேண்டும். விலையை விட்டுக்கொடுக்கிறவனுக்கு அந்த நிம்மதி கிடைக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

"தாள எடு. ஒன்பதாவது விதிய படி," என்றேன்.

ஆங்கிலத்தில் சத்தமாகப் படித்தான். காயத்தால் ஆட்டக்காரர் தொடர்ந்து ஆறு மாதம் ஆட முடியாமல் போனால் கிளப் இந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். நிறுத்தினான். உதட்டை மட்டும் அசைத்து மறுபடி படித்தான்.

"அப்ப முட்டி போனா நானும் போகணுமா?"

"போகணும்."

"அடுத்ததையும் படி," என்றார் சுப்ரா. அவர் அதுவரை அதைப் படித்திருக்கவில்லை.

கடைசி இரண்டு வருடங்களும் கிளப்பின் விருப்பம். கிளப் வேண்டுமென்றால் பழைய சம்பளத்திலேயே வைத்துக்கொள்ளும், வேண்டாமென்றால் விட்டுவிடும். ஆட்டக்காரன் போகிறேன் என்று சொல்ல முடியாது.

தர்வின் தாளைத் தொடைமேல் வைத்தான். பிறகு கேட்டான். "அப்ப அஞ்சு வருஷம் யாருக்கு அங்கிள்?"

கேட்டாயா? மூன்றாம் பாரக்காரன் நான் கேட்கவில்லை, உன் ஆட்டக்காரன் கேட்கிறான். இதே கேள்வியை உன்னிடம் யாராவது கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும், போனிலேயே சொல்லிவிட்டாய். இளம் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் தேறமாட்டார்கள், கிளப்தான் துணிந்து பணத்தைப் போடுகிறது, அதனால் தேறுகிறவன் மலிவாகக் கிடைப்பதுதான் நியாயம் என்றாய். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அவன் தேறாவிட்டாலும் நீ சம்பளம் கொடுப்பாய் என்றால் அதை நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் முட்டி போனால் வெளியே, பிடிக்கவில்லையென்றால் மூன்றாம் வருடத்தோடு வெளியே. இதில் நீ எங்கே துணிந்தாய்? துணிச்சலைப் பையன் தலையில் கட்டிவிட்டு அதற்கான கூலியை மட்டும் நீ எடுத்துக்கொள்கிறாய். போன வருடம் உங்கள் கிளப்பில் சம்பளம் தாமதமானபோது ஆட்டக்காரர்கள் வீட்டு வாடகைக்குத் திண்டாடினார்கள். அடுத்த மாதச் சம்பளம் எப்போது வரும் என்று சொல்லத் தெரியாத ஆட்கள் ஐந்து வருடம் பேசுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

இதில் 'எங்கள் குடும்பத்தில் ஒருவன்' என்று வேறு படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறாய். குடும்பத்தில் ஒருவனுக்கு முட்டி போனால் ஆறு மாதத்தில் வெளியே அனுப்புகிற குடும்பம் எது? உன் அம்மாவுக்கு முட்டி போய் எத்தனை வருடம் ஆகிறது? அவளை நான் எங்கே அனுப்பினேன்? இதை வாசித்துக் காட்டினால் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "என்ன எதுக்கு இதுல இழுக்கிறீங்க?" என்றுதான் கேட்டாள்.

உனக்கு இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். செல்வம் எங்கள் கிளப்பை விட்டுப் போனபோது நீ சின்னப் பையன். செல்வம் மாதிரி ஓர் ஆட்டக்காரன் எங்கள் கிளப்புக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. செயற்குழுவில் எல்லோரும் அவனை நாலைந்து வருடத்துக்கு எழுதி வாங்கச் சொன்னார்கள். அவனும் போட்டிருப்பான், மறுபேச்சுப் பேசத் தெரியாதவன். நான் ஒரு வருடத்துக்கு மேல் எழுதமாட்டேன் என்றேன். வருடம் முடிந்தது, தெற்கே ஒரு பெரிய கிளப் கூப்பிட்டது, போய்விட்டான். எங்களுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. அவன் இல்லாமல் தோற்றோம், விளம்பரம் கொடுத்த கடைக்காரர்கள் விலகினார்கள், கிளப்பை மூடினோம். கோல் கம்பத்தைக் கழற்றி லோரியில் ஏற்றிய அன்று நீ வலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாய். அதற்கப்புறம் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. அப்பா கட்டிப்போடாமல் விட்டதால்தான் எல்லாம் போயிற்று என்று அன்றைக்கு முடிவு செய்துவிட்டாய். இன்றுவரை அதைத்தான் பெரிய படிப்பின் பெயரில் செய்துகொண்டிருக்கிறாய்.

நான் செய்தது தப்பு என்று இந்தக் கடிதத்தில் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. தப்பில்லை. ஒரு பையனை அடைத்து வைத்துத்தான் பிழைக்க முடியும் என்றால் அந்தக் கிளப் போகட்டும். போயிற்று. கடைக்காரர்கள் திட்டினார்கள், ஆட்டக்காரர்களின் அப்பாமார்கள் கோயிலில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பிக்கொண்டேன்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு ராஜனைத் தெரியும், அதனால். நான் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் ஒப்பந்தத் தாள் எல்லாம் கிடையாது. நல்ல ஆட்டக்காரனுக்கு வேலை வாங்கிக் கொடுப்பார்கள், வேலைதான் ஒப்பந்தம். ராஜனுக்குப் பதினெட்டு வயதில் எங்கள் கிளப் பெரியவர்கள் ஓர் அலுவலகத்தில் கடைநிலை ஊழியன் வேலை வாங்கிக் கொடுத்தார்கள். ஓய்வூதியம் உண்டு. அவன் வீட்டில் கிடா வெட்டினார்கள். கிளப்பை விட்டுப் போனால் வேலையும் போகும் என்பது பேச்சு. இரண்டு தடவை பெரிய அணிகள் கூப்பிட்டன. அவன் அம்மா, வேலை இருக்கும்போது எதற்கய்யா என்றாள். போகவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கேள். அவன் எங்கும் போகமாட்டான் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்காக யாரும் எதுவும் செய்யவில்லை. நல்ல பயிற்றுநர் இல்லை, நல்ல காலணி இல்லை, கணுக்கால் வீங்கினால் மருத்துவரிடம் கூட்டிப் போக ஆள் இல்லை. முன்பெல்லாம் அவனுக்காகக் காத்திருக்கும் வேனைக்கூட நிறுத்திவிட்டு, பஸ்ஸில் வரச் சொன்னார்கள். போக முடியாதவனை எதற்குத் தாங்க வேண்டும்? ஊரே பார்த்து வாய்பிளந்த ஆட்டக்காரன் இருபத்து நாலு வயதில் பாதி ஆட்டம் நடந்தே ஆடினான். சோம்பேறி ஆகிவிட்டான் என்றார்கள். அவன் சோம்பேறி இல்லை. சோம்பேறி ஆனது அவனை வைத்திருந்தவர்கள். தர்வினுக்கு நீ எழுதிக் கொடுத்திருப்பது ராஜனுடைய வேலைதான், ஓய்வூதியத்தை மட்டும் எடுத்துவிட்டாய்.

பின்னே எப்போதுதான் கொடுப்பது, கொடுக்கவே கூடாதா என்று கேட்பாய். கொடுக்கலாம். முதல் சீசனில் கொடுக்காதே. முதல் சீசனில் அவன் யாரென்று எதிராளிக்குத் தெரியாது, அதனால் கோல் விழுகிறது. இரண்டாம் சீசனில் அவனுடைய இடது காலை எல்லோரும் தெரிந்துகொள்வார்கள். இரண்டு பேர் அவன்மேலேயே விழுவார்கள். கோல் நின்றுபோகும். போன மாதம் அவனோடு படம் எடுத்துக்கொண்டவன் அவனைத் திட்டுவான். அப்போது அவன் பயிற்சிக்கு முன்னதாக வருகிறானா, காலில் வலி என்று படுத்துக்கொள்கிறானா, வலது காலைப் பழக்குகிறானா என்று பார். அதைப் பார்த்தபின் அவன் உனக்கு வேண்டுமென்று தோன்றினால், அப்போது போய் ஐந்து வருடத்தை நீட்டு. அப்போது இன்னும் மலிவாகக் கிடைப்பானே என்று உன் மூளை ஓடும், எனக்குத் தெரியும். அங்கேதான் நீ யாரென்று நான் பார்ப்பேன். கோல் விழுந்த காலத்தில் அவனுக்கு என்ன விலையோ அந்த விலையைக் கோல் விழாத காலத்தில் கொடு. அதற்குப் பெயர்தான் நம்பிக்கை வைப்பது. இப்போது நீ வைத்திருப்பது வலை.

நீ அப்போதும் பந்தை நன்றாகப் பார்ப்பாய், காலத்தைத்தான் பார்க்கமாட்டாய். எங்கள் கிளப்பின் இளையோர் அணியில் உன்னைக் கோல் காவலனாகப் போடவில்லை என்று இன்றைக்கும் உன் மனைவியிடம் சொல்லிக் காட்டுகிறாயாம். போடவில்லைதான். பந்து வருவதற்கு முன்பே பாய்ந்துவிடுவாய். எதிராளி நிதானமாக மற்றப் பக்கம் தட்டிவிட்டுப் போவான். என் மகன் என்பதற்காக மற்ற பத்துப் பேரையும் நான் தோற்கவைக்க முடியாது. இன்று கேட்டாலும் போடமாட்டேன்.

பந்திங்கில் அன்று பேசி முடித்ததைச் சொல்கிறேன். தட்டைத் திருப்பிக் கொடுக்க லெட்சுமி ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பழத்தை எடுத்துச் சாப்பிடுங்கள், பூவைச் சாமிக்குப் போடுங்கள், வாசல் தேடி வந்தவனை மதித்து வாங்கினீர்கள், அதோடு அது முடிந்தது, கையெழுத்து வேறு என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். "நீங்க அவரு அப்பா. நீங்களே வேணாங்கிறீங்க. அப்பறம் ஏண்ணே உங்க பிள்ள கொடுக்கிறாரு?" என்றாள். என்ன சொல்வது? உன்னால் அந்த வீட்டு நாற்காலியில் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சுப்ரா, பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்களே என்று பயந்தார். பையன் பயந்ததாகத் தெரியவில்லை. யோசித்துவிட்டு அவனே சொன்னான். ஒன்பதாவது விதியை அடிக்க வேண்டும், முட்டி போனாலும் ஒப்பந்தம் முடியும்வரை சம்பளம் உண்டு என்று எழுத வேண்டும். கடைசி இரண்டு வருடத்தை அடித்துவிட்டு மூன்று வருடமாக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேருக்கும் விருப்பம் என்று எழுத வேண்டும். சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மட்டும் செய்தால் நீ கொடுக்கிற மலிவு விலைக்கே கையெழுத்துப் போடுவான். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்னும் ஒரு சீசன் பொறு என்று சொன்னேன். "இல்ல அங்கிள், இது எனக்குப் போதும்," என்றான். அவன் கால், அவன் முடிவு. பிறகு, "ஆனா நீங்க வந்து என் பக்கத்துல உக்காருங்க. உங்க மகன பாத்தா எனக்கு தானா 'ஓகே பாஸ்'னு வாயில வந்துடும்," என்றான்.

இதை நீ படிக்கும்போது நாங்கள் பந்திங்கிலிருந்து கிளம்பியிருப்போம். உன் அம்மாவும் வருகிறாள், ஆனால் உன் பக்கம்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டாள். உட்காரட்டும். நான் தர்வினுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பேன். செய்தியாளர்கள் முன்னால் என் தோளில் கை போட்டு, "எங்க அப்பாவும் வந்திருக்காரு" என்று சிரித்துப் பேச்சை மாற்றாதே. முதலில் தாளைக் கொடு. இரண்டு விதிகளையும் அடித்து, பக்கத்தில் நீயும் உங்கள் டத்தோவும் கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் போடுவான், எல்லோரும் சாப்பிடலாம். அடிக்கவில்லையென்றால் இலை போடச் சொல்லாதே, எழுந்து போய்விடுவோம். நீ சொன்னபடி மிச்ச ஆட்டம் பூராவும் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துக்கொள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் பெஞ்சுக்கு நேர் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு இப்போது வேறு வேலை ஒன்றும் இல்லை.

உன் அப்பா,
கிள்ளான்.